ஒரு மிதிவண்டியும் ஒரு கையொப்பமும்

வீட்டுக்கு ஒரு பெரிய பொருள் வாங்குவதென்றால், அதற்கு முன் நடக்கும் பேச்சே ஒரு தனிக்கதையாகிவிடும். முதல் தையல் இயந்திரம் வந்த கதை, முதல் மாவரைக்கும் இயந்திரம் வந்த கதை என்று ஒவ்வோர் இல்லத்திலும் சில கதைகள் வழங்கி வரும். எங்கள் இல்லத்தில் 2025-ஆம் ஆண்டு ஒரு மிதிவண்டி வந்தது. அது வந்த கதையைச் சொன்னால் பிற குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்று எண்ணியே இதனை எழுதுகிறோம். கணவனும் மனைவியுமாக இருவர் கூடி எழுதுவதால் ‘நாங்கள்’ என்றே சொல்லிச் செல்கிறோம்.

நாங்கள் இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், பிரிஸ்டல் நகரின் கிழக்கோரமாயுள்ள ஸ்டேபிள் ஹில் என்னும் இடத்தில், ஒரு வாடகை வீட்டின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். இல்லத்தலைவி நகரின் நடுவேயுள்ள ஒரு மருத்துவமனையில் செவிலியர். இல்லத்தலைவர் அதற்கு எதிர்த்திசையில் 3 மைல் தொலைவிலுள்ள ஒரு சரக்குக் கிடங்கில் தொழிலாளி. ஊரில் அவர் பட்டம் பெற்றவர்தாம். ஆயினும் வந்த நாட்டில் கிடைத்த வேலையைச் செய்வதில் இழிவு ஒன்றும் இல்லை என்பதே எங்கள் இருவரின் எண்ணம்.

கிடங்கில் அவருடைய வேலை காலை 5 மணிக்குத் தொடங்கும். அந்நேரத்தில் அப்பக்கம் செல்லும் பேருந்து கிடையாது. ஆகவே நாலு மணிக்கு முன்பே புறப்பட்டு, மழையோ பனியோ, ஒரு மணி நேரம் நடந்தே செல்வார். மாலையில் ஈரக் காலணிகளை அடுப்பின் அருகே உலர வைக்கும்போது, இவருக்கு ஒரு மிதிவண்டி இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று இருவருமே நினைப்போம். வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டு வாடகைக்கும், ஊருக்கு அனுப்பும் பணத்துக்கும், மகளின் செலவுக்கும் போக மிஞ்சுவது என்னவென்று இருவருக்கும் தெரியும்.

மிதிவண்டி ஓட்டுவோர்க்கு எங்கள் பகுதி ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்ல வேண்டும். பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைத்த ஒரு பழைய இருப்புப்பாதையில் 1960-களில் பயணிகள் வண்டி நின்றுபோயிற்று. தண்டவாளங்கள் நீங்கிய அத்தடத்தை, 1979-ஆம் ஆண்டு முதல் 1986-ஆம் ஆண்டு வரை சிறிது சிறிதாகச் செப்பனிட்டு, 13 மைல் நீளத்துக்கு நடப்பவர்க்கும் மிதிவண்டிக்குமான தார்ப்பாதையாக்கினர். தன்னார்வலர் பலர் தம் கைகளால் உழைத்த பாதை அது. இரயில் ஓடிய தடமாகையால் செங்குத்தான ஏற்றம் எங்கும் இல்லை. மோட்டார் வண்டிகளின் தொல்லையும் இல்லை. ஸ்டேபிள் ஹில்லில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கவழி உண்டு. அதன் மேற்குவாயிலில் புறப்பட்டால் மருத்துவமனைப் பக்கம்; கிழக்குவாயிலில் புறப்பட்டால் கிடங்கின் பக்கம். எங்கள் இருவரின் வேலையும் ஒரே பாதையின் இருபுறமும் அமைந்திருந்தது.

இந்நிலையில் ஒரு நாள், கிடங்கின் உணவறைப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதாக இல்லத்தலைவர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். ‘சைக்கிள் டு ஒர்க்’ என்னும் திட்டம் பற்றியது அது. இந்நாட்டில் 1999-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாக வந்த வரிச்சலுகை இது. வேலை கொடுப்பவர் ஒரு மிதிவண்டியை வாங்கித் தம் தொழிலாளிக்கு வாடகைக்குக் கொடுப்பார். தொழிலாளி அதற்கு ஈடாகத் தம் சம்பளத்தில் ஒரு பகுதியை மாதந்தோறும், பெரும்பாலும் ஓராண்டு காலம், விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்த தொகைக்கு வருமான வரியும் இல்லை. தேசியக் காப்பீட்டுச் சந்தாவும் இல்லை. ஆகவே கடைவிலையைவிடக் குறைந்த செலவில் மிதிவண்டி கைக்கு வரும். தலைக்கவசம், விளக்கு, பூட்டு, மட்கார்டு முதலியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டதும் எங்களுக்குப் புதுமையாகத் தோன்றவில்லை. இல்லத்தலைவரின் தந்தையார் 1974-ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, சைக்கிள் முன்பணம் பெற்று, மாதந்தோறும் சம்பளப் பிடித்தம் கொடுத்து வாங்கிய ஹெர்குலிஸ் வண்டியின் பின்கேரியரில் உட்கார்ந்துதான் இல்லத்தலைவர் பள்ளிக்குச் சென்றார். ஹெர்குலிஸ் என்பது இந்நாட்டின் பர்மிங்காம் நகரில் 1910-ஆம் ஆண்டு பிறந்த பெயர். பின்னர் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொழிற்சாலை தொடங்கியபின், அப்பெயரோடு நம் நாட்டிலேயே வண்டிகள் வந்தன. “அப்பாவுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கப் போகிறது” என்று சொல்லி, அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினார்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான கடிதந்தான். சம்பளத்தை விட்டுக்கொடுத்தபின் கையில் மிஞ்சும் கூலி, சட்டம் குறித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது. 21 வயது நிறைந்தவர்க்கு 2025 ஏப்ரல் முதல் அக்கூலி மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. இல்லத்தலைவர் பெற்றதும் அதே கூலிதான். எனவே அவரிடம் விட்டுக்கொடுப்பதற்கு ஒரு காசும் இல்லை. விண்ணப்பத்தை ஏற்க இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஏழைத் தொழிலாளியின் கூலியை எந்தப் பெயராலும் எவரும் குறைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுப்பிய வேலி அது. ஆனால் அந்த வேலியே, யாருக்கு மிதிவண்டி மிகவும் தேவையோ அவரை வெளியே நிறுத்திவிட்டது. அவர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுநாளும் நாலு மணிக்கு முன் எழுந்து நடந்தார்.

அந்த வாரத்திலேயே, மருத்துவமனையிலும் அதே திட்டம் இருப்பது எங்கள் நினைவுக்கு வந்தது. செவிலியர் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்கு மேலே இருப்பதால் அங்கே தடை ஏதும் இல்லை. உச்சவரம்பு 1,500 பவுண்டு. ‘அவள் பெயரில் வாங்கினால் அவர் ஓட்டலாமே’ என்ற எண்ணம் எங்களுள் யாருக்கு முதலில் தோன்றியது என்று இப்போது இருவராலும் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவர், “இதிலென்ன? எல்லாரும் செய்வதுதானே? கணவனுக்கு, மகனுக்கு, மைத்துனனுக்கு என்று வாங்காதவர் யார்?” என்று துணிவு சொன்னார்.

ஒரு சனிக்கிழமை கடைக்குச் சென்றோம். இங்கே ரோடு பைக் என்று சொல்லப்படும், ஆட்டுக்கடாவின் கொம்புபோல வளைந்த கைப்பிடியும் மெலிந்த சக்கரமும் உடைய வண்டிகள் வரிசையாகத் தொங்கின. இல்லத்தலைவரின் கண் ஒன்றில் போய் நிலைத்துவிட்டது. கார்பன் இழையாலான கரிய சட்டகம். இரண்டு விரலால் தூக்கிவிடலாம்போல 8 கிலோ எடை. தள்ளுபடி போக 1,450 பவுண்டு. குனிந்து காற்றைக் கிழித்துச் செல்லும் பந்தய அமைப்பு. மட்கார்டு பொருத்தத் துளை இல்லை, கேரியர் மாட்ட வழி இல்லை என்பதையெல்லாம் நாங்கள் அப்போது கவனிக்கவே இல்லை. அவருடைய உயரத்துக்கு 56 சென்டிமீட்டர் அளவு பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னார். விலைச்சீட்டை எழுதும்போது அவர் இயல்பாகக் கேட்டார்: “யாருடைய பெயருக்கு?” இல்லத்தலைவியின் பெயரைச் சொன்னோம். ஐந்தடி உயரமுள்ள அவரையும், உயர்ந்து நின்ற அவ்வண்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அம்மனிதர் ஒன்றும் பேசாமல் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தைப் படித்தோம். அதில் ஒரு வாசகம் இருந்தது. இம்மிதிவண்டியைக் கையெழுத்திடும் ஊழியரே பயன்படுத்துவார் என்றும், அதன் பயன்பாட்டில் பாதிக்கு மேல் வேலைக்குச் சென்று வருவதற்காகவோ வேலை தொடர்பாகவோ இருக்கும் என்றும் உறுதிகூற வேண்டும். எத்தனை மைல் ஓட்டினோம் என்ற கணக்கை யாரும் கேட்பதில்லை என்பதையும் விசாரித்து அறிந்திருந்தோம். கேட்பார் இல்லை என்பது ஒரு வகையில் துணிவு தந்தது; இன்னொரு வகையில் அதுவே உறுத்தியது. நம்மை நம்பிக் கணக்குக் கேளாமல் விட்டிருக்கிறார்கள் அல்லவா? இரண்டு நாள் அந்தத் தாள் கையெழுத்தின்றி உணவு மேசையின்மேல் கிடந்தது.

மூன்றாம் நாள் ஊரிலிருந்து தந்தையார் தொலைபேசியில் பேசினார். மிதிவண்டிச் செய்தியைச் சொன்னதும் அவருக்குத் தம் பழைய ஹெர்குலிஸ் நினைவுக்கு வந்துவிட்டது. யார் பெயரில் வாங்கப் போகிறோம் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அவராகவே தம்முடைய அலுவலகக் கதை ஒன்றைச் சொன்னார்.

அக்காலத்தில் முன்பணம் பெற்றவர், வண்டி வாங்கியதும் கடை ரசீதை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அவரோடு வேலை செய்த ஒருவர், வீட்டில் திருமணச் செலவு வந்து நெருக்கவே, சைக்கிளுக்கென்று முன்பணம் வாங்கி அதைச் செலவழித்துவிட்டார். தெரிந்த கடையில் சொல்லி ஒரு ரசீதையும் பெற்றுக் கொடுத்துவிட்டார். வண்டி மட்டும் இல்லை. தலைமை எழுத்தர் எப்போதாவது, “என்ன ஐயா, புதுச் சைக்கிளைக் காணோமே?” என்பாராம். “பஞ்சர் ஒட்டக் கொடுத்திருக்கிறேன்” என்பாராம் இவர். மறுமாதம் கேட்டால் செயின் அறுந்தது. அதற்கடுத்த மாதம் மைத்துனன் இரவல் கொண்டு போயிருக்கிறான். அலுவலகத்தில் அதற்கு ‘ரசீதில் ஓடும் சைக்கிள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நாங்கள் சிரித்தோம். தந்தையார் சிரிக்கவில்லை. “நல்ல மனுசன் ஐயா அவர். கஷ்டத்தில் செய்தார். பிடித்தம் முழுவதும் ஒழுங்காகக் கட்டினார். அரசாங்கத்துக்கு ஒரு காசு நட்டமில்லை. ஆனாலும் அந்தக் கடன் தீரும்வரை, யாராவது சைக்கிள் என்று சொன்னாலே தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குப் பொறுக்கவில்லை” என்றார். பிறகு, “சரி, உங்கள் வண்டி நல்லபடியாக வரட்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிரவு மேசையின் இருபுறமும் அமர்ந்து வெகுநேரம் பேசாமலிருந்தோம். பிறகு இல்லத்தலைவி, “என்னங்க, ஒன்று சொன்னால் கேட்பீர்களா? என் பெயரில் வரும் வண்டியை நானே ஓட்டுகிறேன்” என்றார். இல்லத்தலைவர் திகைத்துப் போனார். “நீயா? உனக்கு இங்கே ஓட்டிப் பழக்கமே இல்லையே!” “பள்ளியில் ஓட்டியிருக்கிறேன். நான் பேருந்துக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும். அதில் உங்களுக்கு ஒரு பழைய வண்டி பார்ப்போம்.” அதுவரை எங்கள் இருவருக்கும் தோன்றாத வழி அது. இரண்டு கால்கள் நடப்பதை மட்டுமே எண்ணிக் கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு கால்கள் பேருந்துக்குக் காத்து நிற்பதை எண்ணவில்லை.

பள்ளியில் ஓட்டியது உண்மைதான். தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட இலவச மிதிவண்டித் திட்டத்தின் கீழ், 11-ஆம் வகுப்பில் படிக்கும்போது 2007-இல் அவருக்கு ஒரு வண்டி கிடைத்தது. கனத்த வண்டி, ஒரே வேகம், முன்னால் ஒரு கூடை. கடலோரக் காற்றை எதிர்த்து அதை மிதித்துப் பள்ளிக்குச் சென்றவர், செவிலியர் படிப்புக்கு விடுதிக்குப் போனபின் மிதிவண்டியைத் தொடவே இல்லை.

ஒரு ஞாயிறு விடியலில், அண்டை வீட்டாரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு பழைய இருப்புப்பாதைக்குச் சென்றோம். முதல் நூறு அடி தள்ளாட்டம். பின்னால் ஓடிவந்த மகள், “அம்மா, கீழே பார்க்காதீங்க, முன்னாலே பாருங்க!” என்று கத்தினாள். ஓராண்டுக்கு முன் அவளுக்கு அம்மா சொல்லிக் கொடுத்த அதே பாடம். சுரங்கவழிக்குள் நுழைந்து, கூரையிலிருந்து சொட்டும் நீர்த்துளிகளைத் தாண்டி மறுவாயிலில் வெளிச்சத்துக்கு வந்தபோது, இல்லத்தலைவியின் முகத்தில் பதினாறு வயதுப் பெண்ணின் சிரிப்பு இருந்தது.

மறுபடி கடைக்குச் சென்று, பழைய விலைச்சீட்டைத் திருப்பிக் கொடுத்து, வண்டியை ஓட்டப் போகிறவர் முன்னே நிற்க மீண்டும் தொடங்கினோம். கடைக்காரர் கேட்ட கேள்விகளே இப்போது வேறாயிருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை மைல்? எந்தப் பாதை? மழையிலும் போவீர்களா? இரவில் திரும்புவீர்களா? வண்டியை எங்கே வைப்பீர்கள்? நாங்கள் சொன்னோம்: போக வர 10 மைல், தார்ப்பாதை, மழையென்று பார்த்தால் இந்நாட்டில் வேலைக்கே போக முடியாது, இரவுமுறை உண்டு, வண்டியை இரண்டு மாடி தூக்கிச் செல்ல வேண்டும்.

மூன்று வண்டிகளைக் காட்டினார். நேரான கைப்பிடியுள்ள ஹைப்ரிட் வகை ஒன்று; அதில் உட்காருவது எளிது, ஆனால் அவர் காட்டியது 14 கிலோவுக்கு மேலிருந்தது. இரண்டாவது பந்தய அமைப்புள்ளது. கைப்பிடி தாழ்ந்தும் எட்டியும் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் கழுத்து வலித்தது. மூன்றாவது, நெடும்பயணத்துக்கென்று செய்த அலுமினிய ரோடு பைக். வளைந்த கைப்பிடிதான், ஆனால் அது சற்று உயர்ந்து உடம்புக்கு நெருங்கி வருமாறு சட்டகம் அமைந்திருந்தது. வளைவின் மேற்புறம், நடு, கீழ்ப்புறம் என்று கையை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம். எதிர்க்காற்று வீசும்போது அதன் அருமை தெரியும். எடை 10 கிலோவுக்குச் சற்று மேல்.

அவர் சொல்லிக் கொடுத்த சிலவற்றை, வண்டி வாங்க எண்ணும் குடும்பங்களுக்காக இங்கே குறிக்கிறோம். முதலாவது, அளவு. சட்டகம் பெரிதாயிருந்தால் எவ்வளவு உயர்ந்த வண்டியும் பயனற்றது. இல்லத்தலைவிக்கு 48 சென்டிமீட்டர் பொருந்தியது. இரண்டாவது, பிரேக். சிறிய கைகளுக்கு நெம்புகோல் எட்டாமல் போகும். அதை உள்ளே நெருக்கி வைக்க ஒரு சிறு திருகு உண்டு. அதைத் திருகிச் சரிசெய்தபின், இரண்டு விரலால் பிடித்தே நிறுத்த முடிந்தது. மழைக்கு ஏற்றது வட்டத்தகட்டு பிரேக். ஈரத்திலும் அதன் பிடி நம்பத்தக்கதாயிருக்கும். மூன்றாவது, டயர். 32 மில்லிமீட்டர் அகல டயர், மெல்லிய பந்தய டயரைவிடக் குலுக்கல் குறைந்தது. நான்காவது, கியர். முன்னே 50 பல், 34 பல் என இரு பற்சக்கரங்கள். பின்னே ஒன்பது, அவற்றுள் பெரியது 32 பல். முன்சிறியதும் பின்பெரியதும் சேர்ந்தால், மிதியை ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரமும் ஏறத்தாழ ஒரு சுற்றே சுற்றும்; பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த கால்களும் வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் சுற்றிவிடலாம். ஐந்தாவது, மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளைகள் உண்டா என்று பார்க்க வேண்டும். நாளெல்லாம் சீருடையில் நிற்க வேண்டியவர் முதுகில் சேற்றுக்கோடு விழலாமா?

மிதிவண்டி 830 பவுண்டு. மட்கார்டு, தலைக்கவசம், பூட்டு, விளக்குகள் 170 பவுண்டு. இருட்டியபின் முன்னே வெண்விளக்கும் பின்னே செவ்விளக்கும் எரியவேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம். பின்புறச் சிவப்பு ஒளிதிருப்பியும், மிதிகளில் மஞ்சள் ஒளிதிருப்பிகளும் வேண்டும். ஆக மொத்தம் 1,000 பவுண்டு.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். 12 மாதம் சம்பளத்தில் 83.33 பவுண்டு குறையும். வரி 20 விழுக்காடும் காப்பீட்டுச் சந்தா 8 விழுக்காடும் அத்தொகைக்கு இல்லையாதலால், கையில் உண்மையில் குறைவது மாதம் 60 பவுண்டு, ஆண்டுக்கு 720. ஓராண்டு முடிந்ததும் வண்டி நமக்குச் சொந்தமாகிவிடாது. அதுவரை அது வாடகை வண்டியே. உடனே சொந்தமாக்கிக் கொள்ள வேண்டுமானால், 500 பவுண்டுக்குக் குறையாத வண்டிக்கு வருவாய்த்துறையின் அட்டவணைப்படி முதல் விலையில் 25 விழுக்காடு மதிப்பு. நான்காண்டு நிறையும்வரை வாடகையை நீட்டித்தால் அது 7 விழுக்காடாகக் குறையும். எங்களுக்கு அந்த வழி இருந்ததால் 70 பவுண்டு சேர்த்து 790. ஆக, மிச்சம் 210 பவுண்டு. நல்ல தொகைதான், ஆனால் விளம்பரத்தைப் பார்த்து நாங்கள் எண்ணிய அளவு இல்லை. அத்துடன், சம்பளம் குறைவதால் பேறுகாலச் சம்பளக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும் குறையக்கூடும். குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் சகோதரிகள் கையெழுத்திடுமுன் இதைக் கேட்டறிவது நல்லது.

கணக்குப் போட்ட அந்த இரவில் இன்னொன்றும் எங்கள் கண்ணில் பட்டது. இதே 1,000 பவுண்டு வண்டியை, 40 விழுக்காடு வரி கட்டும் ஒரு மருத்துவர் வாங்கினால், அவருக்கு வரியிலும் காப்பீட்டிலுமாக 42 விழுக்காடு மிஞ்சும். கையிலிருந்து போவது 580. செவிலியருக்கு 720. கிடங்குத் தொழிலாளிக்கோ திட்டமே இல்லை. கடையில் 1,000 கொடுத்தால் உண்டு. அதே வண்டி, அதே மழை, அதே பாதை. வருமானம் ஏற ஏற விலை இறங்குகிறது. யார்மீதும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சலுகை என்று ஒன்று கைக்கு வரும்போது, அது யாருக்கு எட்டவில்லை என்றும் திரும்பிப் பார்ப்பது நல்லதல்லவா?

இல்லத்தலைவருக்கு வண்டி கிடைத்தது ஒரு சமூகப் பட்டறையில். பிறர் வேண்டாமென்று கொடுத்த மிதிவண்டிகளைச் செப்பனிட்டுக் குறைந்த விலைக்கு விற்கும் இடம் அது. நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் எஃகு ராலி. அதே வளைந்த கைப்பிடி. பச்சை வண்ணம் ஆங்காங்கே உதிர்ந்திருந்தது. விலை 140 பவுண்டு. இல்லத்தலைவியின் பேருந்துச் செலவில் மிஞ்சியதைக் கொண்டு மூன்று மாதத்தில் அதை அடைத்தோம். கார்பன் வண்டியை அவர் மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். இப்போதும் அந்தக் கடையைக் கடக்கும்போது அவர் தலை ஒருமுறை திரும்பும். “பார்த்தால் காசா கேட்கிறார்கள்?” என்பார்.

மிதிவண்டியை இரவலாகக் கொடுப்பதற்கான வரிவிலக்கு, சம்பளத்தை விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும் என்பதில்லை என்றும் நாங்கள் படித்தறிந்தோம். நிறுவனமே சில வண்டிகளை வாங்கி, ஊழியர் எல்லாருக்கும் பொதுவாக, கூலியைத் தொடாமல் இரவல் கொடுக்கச் சட்டம் இடந்தருகிறது. இதை எழுதி இல்லத்தலைவர் தம் மேலாளரிடம் கொடுத்தார். அவரோடு இன்னும் ஆறு பேர் கையெழுத்திட்டனர். அறுவரும் விடியலில் நடந்து வருபவர்கள். இன்னும் பதில் வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறோம். வராவிட்டால் மறுபடி எழுதுவோம்.

இப்போது விடியலில் முதலில் பச்சை ராலி மாடிப்படி இறங்கும். இரண்டு மணி நேரம் கழித்து மகளை அண்டை வீட்டில் விட்டுவிட்டு, மற்றது இறங்கும். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இல்லத்தலைவர் முன்னைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாக உறங்குகிறார். இல்லத்தலைவி ஒருமுறை ஈரச் சருகில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக் கொண்டார், மறுநாளும் ஓட்டினார். இரவில் இரண்டும் நடைவழிச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடக்க, நாங்கள் பக்கவாட்டில் ஒடுங்கித்தான் சமையலறைக்குப் போக வேண்டியிருக்கிறது.

வண்டி வந்த அன்று தந்தையாரிடம் காணொளி அழைப்பில் அதைக் காட்டினோம். இம்முறை நடந்ததெல்லாவற்றையும், எங்களுக்கு முதலில் தோன்றிய எண்ணம் உட்பட, மறைக்காமல் சொன்னோம். கிழவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ரசீது இருக்கிறதா?” என்றார்.

“இருக்கிறது, மாமா.”

“சைக்கிளும் இருக்கிறதா?”

இல்லத்தலைவி ஒன்றும் சொல்லாமல் வண்டியின் மணியை அடித்துக் காட்டினார்.